லேலோங் (ஏல) வீடா, சொந்தக்காரரிடம் நேரில் வாங்கும் வீடா? பாடாங் செராயில் ஓர் ஒப்பீடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, லாபத்துக்கு விற்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அதற்குக் காரணம் இருக்கிறது. கூலிம் ஹைடெக் பார்க் 1996-இல் திறந்தபின் வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டங்களின் லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அப்போது வாங்கிய ஒற்றை மாடித் தெரஸ் வீடுகள் இப்போது கைமாறுகின்றன. சில வீடுகள் விருப்பத்தோடு, சில வீடுகள் தவணை கட்ட முடியாமல்.

வாங்க மூன்று வழி உண்டு. உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ நடத்தும் லேலோங் ஒன்று. தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் வராத வீட்டை பேங்க் தானே விடும் லேலோங் இரண்டு. மூன்றாவது, ஏலம் வரை போகுமுன் கஷ்டத்தில் இருக்கும் சொந்தக்காரரிடமே பேசி வாங்குவது. பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே விலை குறைவு. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். விலை அங்கே கூடத்தான், ஆனாலும் கையில் நிற்கும் பணம் அதிகம். அதோடு, நம் மக்களில் ஒருவர் வீட்டு வாசலில் அவமானப்பட்டு நிற்பதைத் தடுக்கவும் அது ஒன்றுதான் வழி.

முதலில் நீதிமன்ற ஏலத்தைப் பார்ப்போம். இதன் பலம் கிராண்ட். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி நடக்கும் ஏலம் இது. ஏலத்தில் வென்று, முழுப் பணத்தையும் கட்டி, விற்பனைச் சான்றிதழைப் பதிவு செய்துவிட்டால் பழைய கடனின் அடமானம் நீங்கி வீடு உங்கள் பெயருக்கு வரும். டெவலப்பர் பின்னால் அலைய வேண்டியதில்லை. ஏலத்தில் கலந்துகொள்ள ரிசர்வ் விலையில் (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலையில்) 10 விழுக்காட்டை பேங்க் டிராப்டாக முன்கூட்டியே கட்ட வேண்டும். யாரும் கேட்கவில்லையென்றால் அடுத்த சுற்றில் வழக்கமாக 10 விழுக்காடு குறைப்பார்கள். 150,000 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கிய வீடு 135,000, பிறகு 121,500 என்று இறங்குவதைப் பார்க்கும்போது யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் மீதிப் பணத்தை ஏல நாளிலிருந்து 120 நாளுக்குள் கட்டியாக வேண்டும். சட்டம் இதில் தவணை நீட்டிப்பு தருவதில்லை. பேங்க் கடன் 121-ஆம் நாள் வந்தாலும் டெபாசிட் போனது போனதுதான். ஏலத்தில் கை தூக்கிய பிறகு கடனுக்கு அலைகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பெயரில் ஏற்கெனவே இரண்டு வீட்டுக் கடன் இருந்தால், 2010 நவம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த விதிப்படி மூன்றாவது வீட்டுக்கு 70 விழுக்காடுதான் கடன் கிடைக்கும். இதைப் பலர் ஏலம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் கடனுக்கான பதிலை முதலில் வாங்குங்கள், டிராப்ட் அப்புறம்.

இன்னொன்று, வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் விற்கிறார்கள். வெளியே நின்று கேட்டைப் பார்க்கலாம், கூரையைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரிக்கலாம், அவ்வளவுதான். உள்ளே கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது, வயரிங் எப்படி இருக்கிறது, கழிப்பறைக் குழாய் அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் சாவி கைக்கு வந்தபின்தான் தெரியும்.

உள்ளே ஆள் இருந்தால்? அதுதான் பெரிய கேள்வி. வீட்டைக் காலி செய்து கொடுப்பது பேங்கின் பொறுப்பு அல்ல, வாங்கியவரின் பொறுப்பு. உள்ளே இருப்பவர் வாடகைக்காரர் என்றால், 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. பழைய சொந்தக்காரரே இருந்தாலும் வக்கீலை வைத்துத்தான் போக வேண்டும். பூட்டை மாற்றுவது, கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது எதுவும் கூடாது. சட்டம் இருக்கட்டும், உள்ளே இருப்பவர் யார் என்று யோசியுங்கள். பாடாங் செராய் அளவு ஊரில் அவர் உங்கள் மனைவிவழிச் சொந்தமாக இருக்கலாம், தீமிதித் திருவிழாவில் உங்களோடு காப்புக் கட்டியவராக இருக்கலாம். உட்கார்ந்து பேசி, லாரி வாடகையும் இரண்டு மாதப் புது வீட்டு வாடகையும் கொடுத்து மரியாதையோடு அனுப்பிவைப்பதுதான் சரி. வழக்கை விட அது மலிவும்கூட.

நிலத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். கெடாவில் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம் நிறைய, அதை நாம் வாங்க முடியாது. பூமிபுத்ரா லாட், மாநில அரசின் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாத விலை குறைந்த வீடு என்று கிராண்டிலேயே கட்டுப்பாடு எழுதியிருக்கலாம். ஏல அறிவிப்பை நம்பி நிற்காமல் நில அலுவலகத்தில் தனியாக ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள். கெவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) ஏதாவது போட்டிருந்தாலும் அதில் தெரியும்.

இரண்டாவது வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிராண்ட் இல்லாததால் உங்களுக்குக் கிடைப்பது பழைய வாங்குபவரின் உரிமையை மாற்றித் தரும் பத்திரம் மட்டும்தான். பணம் கட்ட வழக்கமாக 90 நாள். நிபந்தனைகள் பேங்குக்கு பேங்க் வேறுபடும். டெவலப்பர் கம்பெனி மூடிப்போயிருந்தால் கலைப்பாளரிடம் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் ஃபிளாட்தான் இந்த வகையில் வரும், அதில் பராமரிப்புக் கட்டண பாக்கி ஆண்டுக்கணக்கில் தேங்கியிருக்கும். அதை யார் கட்டுவது என்பதை விற்பனை நிபந்தனைகளில் வரிக்கு வரி படிக்க வேண்டும். திரும்ப விற்கும்போதும் இதே சிக்கலை உங்களிடம் வாங்குபவர் சந்திப்பார், அதனால் விலையை இறக்கிக் கேட்பார். சீக்கிரம் விற்கும் எண்ணம் இருப்பவருக்கு இது ஒத்துவராது.

இனி மூன்றாவது வழி. தவணை தவறியதும் பேங்க் உடனே வீட்டை எடுத்துவிடுவதில்லை. கிராண்ட் உள்ள வீட்டுக்கு முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லும் 16டி நோட்டீஸ் வரும், வழக்கமாக ஒரு மாத அவகாசத்தோடு. அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ விற்பனை உத்தரவு கேட்பார்கள். ஏல நாள் குறிக்க இன்னும் மாதங்கள் ஆகும். இதில் ஒரு விஷயம் நம் மக்கள் பலருக்குத் தெரியவில்லை: ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்தில் பாக்கியை முழுசாகத் தீர்த்தாலும் உத்தரவு செயலிழந்துவிடும். அப்படியென்றால் அதுவரை சொந்தக்காரர் வெளியே நல்ல விலைக்கு விற்கலாம், நாம் வாங்கலாம்.

ஏலத்தில் வீடு குறைந்த விலைக்குப் போய்க் கடன் தீரவில்லையென்றால், மிச்சக் கடனும் அவர் தலையில்தான். வீடும் போய்க் கடனும் நிற்கும். நேரில் விற்றால் கடனைத் தீர்த்து, கையில் நாலு காசோடு வாடகை வீட்டுக்குப் போகலாம். அதனால் அவரிடம் விலை பேசப் போவதில் தப்பே இல்லை, நியாயமான விலை சொல்லும்வரை. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் ஏ.கே.பி.கே.-வுக்குப் போகச் சொல்லுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அந்த அமைப்பு கடன் தவணையை மாற்றியமைக்க இலவசமாக உதவுகிறது. அப்படி ஒரு வீடு உங்கள் கையை விட்டுப் போனால் போகட்டும்.

இப்போது கணக்கு. ஒரே தாமானில் ஒரே அளவு வீடு இரண்டு என்று வைத்துக்கொள்வோம், பழுது பார்த்தபின் இரண்டும் 220,000 வெள்ளிக்கு விற்கும். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஏல வீடு 158,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஸ்டாம்ப் டியூட்டி முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்ததற்கு 2 விழுக்காடு, ஆக 2,160. வக்கீல் செலவு 4,000. பழைய வீட்டு வரி, நில வரி, தண்ணீர் பாக்கி, உள்ளே இருப்பவரை அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 8,000. உள்ளே பார்க்காமல் வாங்கியதால் பழுது பார்ப்பு 25,000. மொத்தம் 197,160.

சொந்தக்காரரிடம் வாங்கும் வீடு 175,000. ஸ்டாம்ப் டியூட்டி 2,500, வக்கீல் 4,500. வரி பாக்கியெல்லாம் விலையிலிருந்தே வக்கீல் கழித்துத் தீர்த்துவிடுவார். கரையான், கூரை, வயரிங் எல்லாம் பார்த்து விலை பேசியதால் பழுது பார்ப்பு 15,000. மொத்தம் 197,000.

17,000 வெள்ளி விலை வித்தியாசம் எங்கே போனது என்று பாருங்கள். விற்கும்போது ஏஜெண்டுக்கு 3 விழுக்காடு, 6,600 போகும். அப்புறம் ஆர்.பி.ஜி.டி., அதாவது வீடு நிலம் விற்ற லாபத்துக்கான வரி. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. 10,000 வெள்ளி அல்லது லாபத்தில் 10 விழுக்காடு, எது அதிகமோ அதை முதலில் லாபத்திலிருந்து கழிப்பார்கள். ஏல வீட்டில் கட்டிய பழைய பாக்கிகளை வாங்கிய செலவாக எளிதில் காட்ட முடியாது, அதனால் வரிக்கு உட்பட்ட லாபம் கூடித் தெரியும், வரி சுமார் 4,000 வரும். கையில் மிஞ்சுவது 12,000 வெள்ளி அளவு. சொந்தக்காரரிடம் வாங்கிய வீட்டுக்கு வரி 2,000-க்குள், மிஞ்சுவது 14,500 பக்கம். பேங்க் வட்டியை இன்னும் இதில் சேர்க்கவில்லை. 140,000 கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 500 வெள்ளியைத் தொடும். ஆள் காலி செய்யக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஏல வீட்டின் லாபத்தைத்தான் தின்கிறது. விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவார், அந்தப் பணம் உடனே கைக்கு வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

பழுது பார்ப்பதில் எங்கே செலவு செய்வது என்பதற்கு இந்த ஊருக்கென்று ஒரு ருசி உண்டு. பாடாங் செராயில் வாங்க வருகிற தமிழ்க் குடும்பம் முதலில் பின்பக்க அடுப்படியைப் பார்க்கும், சாமி மேடைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கும், முன்னால் கார் போக இரண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்த ஆவ்னிங் இருக்கிறதா என்று பார்க்கும். பிளாஸ்டர் சீலிங், வண்ண விளக்கு எதற்கும் இங்கே கூடுதல் விலை கிடைக்காது. புது வயரிங்கும் ஒழுகாத கூரையும்தான் விலையைத் தாங்கும். பின்பக்கம் நீட்டிக் கட்டுவதாக இருந்தால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வாங்கியே கட்டுங்கள். அனுமதி இல்லாத பகுதிக்கு பேங்கின் மதிப்பீட்டாளர் விலை போடமாட்டார், வாங்குபவரின் கடன் அங்கேயே குறைந்துவிடும். செலவு ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள், மதிப்பைக் கூட்டிய செலவை வரிக் கணக்கில் கழிக்கலாம்.

உடனே விற்காமல் இருந்தால் என்ன என்றும் கேட்க வேண்டும். நான்காம் ஆண்டில் ஆர்.பி.ஜி.டி. 20 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து குடிமகனுக்கு வரியே இல்லை. ஹைடெக் வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தவணையை ஓட்ட முடிந்தால், நம் ஊர் வீட்டுக்கு அதுதான் பொருந்தும். இங்கே விலை கோலாலம்பூர் மாதிரி ஒரே ஆண்டில் எகிறுவதில்லை. வாங்கி விற்பதையே தொழிலாகத் தொடர்ந்து செய்தால் அதை வியாபார வருமானமாகவே வரி வாரியம் கணக்கிடலாம் என்பதும் இருக்கிறது.

சொந்தக்காரரிடம் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். முன்பணம் கொடுக்குமுன் பேங்கிடமிருந்து கடன் தீர்ப்பு அறிக்கையை (கடனை முழுசாக அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கை) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் வக்கீல் செலவும் சேர்ந்து, கடன் நீங்கள் பேசிய விலையை மிஞ்சியிருந்தால் அந்த விற்பனை நடக்காது. மிஞ்சவில்லையென்றால் ஒப்பந்தம் முடிய வழக்கமாக மூன்று மாதம், மேலும் ஒரு மாத அவகாசம் ஆகும். ஏல நாள் குறித்தாகிவிட்டது என்றால் அதைத் தள்ளிவைக்க பேங்கின் வக்கீல் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.