எல்21: கெல்ட் ரத்தமா, அதற்கும் முந்தையதா?

டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் கார்க் ஊர்க்காரர் ஒருவர், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பி, ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தார். ஆர்1பி-எல்21 (சுருக்கமாக எல்21) என்று முடிவு வந்தது; அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமின் ஒரு கிளைக்குப் பெயர் அது. அன்றிலிருந்து "நான் அசல் கெல்ட்" என்று ஒரே அலப்பறை. ஐரிஷ், வெல்ஷ் போன்ற மொழிகளின் மூதாதை மொழிகளைப் பேசிய பழைய ஐரோப்பிய மக்களைத்தான் கெல்ட் என்பார்கள். அயர்லாந்து ஆண்களில் பெரும்பாலோர் இந்தத் தந்தைவழிதான் என்பது வேறு விஷயம். வாக்குவாதத்தில் தோற்கக்கூடாதே என்று படிக்க உட்கார்ந்தேன். எல்21-ம் கெல்ட் மொழியும் அயர்லாந்துக்கு எப்படி வந்தன என்பதில் மூன்று கட்சிகள் இருந்தன, கடைசியில் நானும் ஒன்றில் சேர்ந்துவிட்டேன்.

பழைய கட்சி பாடப்புத்தகக் கட்சி. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கம், சுவிட்சர்லாந்தின் லா தேன், அங்கிருந்து இரும்புக் காலத்தில் வாளோடு நாலா பக்கமும் கிளம்பிய கூட்டம். கி.மு. 279-ல் கிரேக்கத்தின் டெல்ஃபி வரை போனார்கள், அடுத்து துருக்கிக்குள் நுழைந்து கலாத்தியர் ஆனார்கள். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அதே கூட்டம்தான் அயர்லாந்துக்கும் எல்21-ஐக் கொண்டுவந்தது என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது.

இரண்டாவது, தொல்லியலாளர் பாரி கன்லிஃபும் கெல்ட் மொழி ஆய்வாளர் ஜான் கோக்கும் சொன்ன 'மேற்கிலிருந்து' வாதம். கெல்ட் மொழி அட்லாண்டிக் கரையோரத்திலேயே வணிகத்தோடு வளர்ந்தது என்பார்கள். அழகான யோசனை. ஆனால் அவர்கள் பெரிதாக நம்பும் தென்மேற்கு ஐபீரியாவின் (ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம்) தார்தெசியன் என்ற பழைய மொழிக் கல்வெட்டுகளைக் கெல்ட் மொழி என்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.

நான் சேர்ந்தது மூன்றாவது கட்சி. எல்21 வெண்கலக் காலத்துச் சரக்கு, கெல்ட் என்ற பெயருக்கே மூத்தது. என்னை இந்தப் பக்கம் இழுத்தது தேதி, அது ஒன்றுதான். அயர்லாந்தின் வடக்கே ராத்லின் தீவில் 2006-ல், ஒரு பப்புக்குப் பின்னால் வண்டிப்பாதைக்காக மண்ணைக் கிளறியபோது எலும்புகள் வெளியே வந்தன. அதில் மூன்று ஆண்களின் மரபணுவை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆட்கள் படித்துப் பார்த்தார்கள். காலம் ஏறக்குறைய கி.மு. 2026 முதல் 1534 வரை. தந்தைவழி எல்21. கெல்ட்டுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் லா தேன் கலைப் பாணி தொடங்குவதோ கி.மு. 450 வாக்கில். நடுவே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி. இரும்புக் காலத்தில் வந்தவன் வெண்கலக் காலத்துக் குழியில் எப்படிப் படுத்திருப்பான்? இவர்களின் முன்னோர்கள் மணி வடிவக் குவளைகளோடு வந்த பெல் பீக்கர் மக்கள். பக்கத்துப் பிரிட்டனில் கி.மு. 2500-க்குப் பிறகு அவர்கள் வந்து சில நூற்றாண்டுகளிலேயே அங்கிருந்தவர்களின் மரபணுவில் சுமார் 90 சதவீதம் மாறிவிட்டதாக 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

"அப்படியானால் பீக்கர் மக்கள்தான் முதல் கெல்ட்டுகள்" என்று நண்பர் அடுத்த காயை நகர்த்தினார். அதற்கு என் பதில், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்கள். எல்21-க்குச் சகோதரக் கிளையான டிஎஃப்27 அவர்களிடம் நிறைய இருக்கிறது, பேசுவதோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே சேராத மொழி. ஒய் குரோமோசோம் அப்பா, தாத்தா என்று ஒரே கோட்டில் வருவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1024 முன்னோர் இடங்கள், அதில் இது ஒரே ஒருவரின் கதை. அந்த ஒருவர் என்ன பேசினார் என்று அது சொல்லாது.

மொழி எப்போது வந்தது என்பதில் மட்டும் நான் அடித்துப் பேச மாட்டேன், மொழியியல் எனக்கு அரைகுறைதான். கி.மு. 1000-க்கும் 875-க்கும் இடையில் தென் பிரிட்டனுக்குள் பிரான்ஸ் பக்கமிருந்து பெரிய குடியேற்றம் நடந்ததாக, 2021 கடைசியில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கெல்ட் மொழி அப்போது வந்திருக்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தச் சான்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், அதை அப்படியே அயர்லாந்துக்கு நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

இத்தனையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் ராத்லின் விஷயத்தில் மட்டும் நிறுத்தினார். "பப்புக்குப் பின்னாலா கிடந்தான்? அப்போ எங்க ஆளேதான்."