வனேடியம் நான்கா, ஐந்தா? வினையூக்கிக்கும் அமீபாச் சோதனைக்கும் நான் எடுத்த முடிவு

கையில் ஒரு ஹைட்ரசோன் ஈனி (உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் கரிம மூலக்கூறு) இருந்தது. அது வனேடியத்தைப் பற்றி உருவாகும் அணைவு இரண்டு வேலைக்கு உதவ வேண்டும்: ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஆக்சிஜனேற்ற வினையூக்கியாக ஓட வேண்டும், வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற அமீபாவுக்கு எதிராகவும் சோதிக்க வேண்டும். ஒற்றை ஆக்சிஜன் உள்ள வனேடியம்(4) அணைவா, இரட்டை ஆக்சிஜன் உள்ள வனேடியம்(5) அணைவா? நான்கும் ஐந்தும் வனேடியத்தின் ஆக்சிஜனேற்ற நிலைகள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு ஐந்தில் நின்றேன்.

தயாரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே கடையில் கிடைக்கும் வனேடைல் அசிட்டைல்அசிட்டோனேட்டிலிருந்து தொடங்குபவைதான். மெத்தனாலில் ஈனியோடு கொதிக்கவிட்டால் நான்கு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காற்றுபடக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஐந்து. ஐந்துக்குக் கூடுதலாகச் சில நாள் பொறுமை வேண்டும், அவ்வளவே. வினைத்திறனிலும் நான்கைக் குறை சொல்ல முடியாது. 1973-இல் ஷார்ப்லெஸும் மைக்கேல்சனும் அல்லைல் ஆல்கஹால்களை எப்பாக்சைடாக்கிக் காட்டியது அந்த அசிட்டைல்அசிட்டோனேட்டைக் கொண்டுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: கரைசலில் போட்ட பிறகு நான் போட்ட பொருள் அப்படியே இருக்கிறதா?

நான்காம் அணைவை டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து, மூடிய குப்பியில் ஒரு இரவு விட்டுவைத்தேன். மாலையில் தெளிந்த பச்சை. காலையில் பச்சை மங்கி மஞ்சள் ஏறியிருந்தது. காற்றிலிருந்த ஆக்சிஜனே அதை ஐந்தாக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குப்பியிலிருந்து எடுத்து அமீபாவிலோ வேறு செல்லிலோ சோதித்தால், எதைச் சோதித்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. வினையூக்கத்திலும் இதே கதைதான். பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நான்குக்கே உரிய வலுக்குறைந்த உறிஞ்சல் பட்டைகள் மறைந்துவிடுகின்றன. நான் ஓட்டும் வினையில் சல்பைடைச் சல்பாக்சைடாக்குவது அதன்பின் உருவாகும், பெராக்சைடு பிணைந்த வனேடியம்(5) வடிவம். அப்படியானால் ஐந்திலேயே தொடங்குவது எனக்கு நேர்மையாகப் பட்டது. பழுப்புக் கடற்பாசிகளில் உள்ள புரோமோபெராக்சிடேஸ் நொதியும் வினை முழுக்க வனேடியத்தை ஐந்திலேயே வைத்திருக்கிறது.

ஐந்தின் பெரிய வசதி, அதைக் கண்காணிக்க முடிவது. வனேடியம்-51 இயற்கையில் 99.75 விழுக்காடு; என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுக்க நல்ல அணுக்கரு. என் வகை அணைவுக்கு மைனஸ் 530 பிபிஎம்-ஐ ஒட்டி ஒற்றை முகடு வரும். ஈனி கழன்று வனேடேட் (ஈனி இல்லாத வனேடியம்-ஆக்சிஜன் அயனி) வெளியேறினால் அது வேறு இடத்தில் தலைகாட்டிவிடும். நான்கில் இணையற்ற எலெக்ட்ரான் ஒன்று இருப்பதால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதற்கு, இணையற்ற எலெக்ட்ரானைக் காணும் ஈபிஆர் நிறமாலை இருக்கிறது, எட்டுக் கோடுகள் அழகாக விழும். ஆனால் பாதி ஐந்தாகிப்போன மாதிரியில் அந்தப் பாதியை ஈபிஆர் காட்டாது.

அமீபாச் சோதனையில் இதுவே இன்னும் கனமாகிறது. அங்கே சேர்மம் 72 மணி நேரம் ஊடகத்தில் கிடக்கும். அதில் பாஸ்பேட்டும் சீரமும் உண்டு; சீரத்தின் டிரான்ஸ்ஃபெரின் புரதம் வனேடியத்தைப் பற்றிக்கொள்ளும். வனேடேட் பாஸ்பேட்டைப் போன்ற உருவம் கொண்டது. பாஸ்பட்டேஸ் நொதிகளைத் தடுக்கும். ஆகவே அமீபா செத்தால் கொன்றது அணைவா, கழன்ற ஈனியா, வனேடேட்டா? ஈனியைத் தனியாகவும் வனேடேட்டைத் தனியாகவும் வழக்கமான அமீபா மருந்தான மெட்ரோனிடசோலோடு பக்கத்தில் வைத்து ஓட்டாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை, என்னுடையது உட்பட. ஐந்தாம் அணைவு பொட்டாசியம் உப்பாகக் கிடைக்கிறது; அது நீரில் கரைவதால் கரைப்பானின் பங்கையும் குறைக்க முடிந்தது.

ஐந்துக்கும் குறை உண்டு. செல்லுக்குள் நுழைந்ததும் அங்குள்ள குளூட்டாதயோன் என்ற ஒடுக்கி அதை நான்காக ஒடுக்கக்கூடும். அப்போது குப்பியின் மேல் நான் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. எதிர்மின்சுமை உள்ள உப்பு சவ்வைத் தாண்டுவதும் எளிதாக இருக்காது. மருந்தாகும் பாதையில் நெடுந்தூரம் போனதும் நான்குதான்: நீரிழிவுக்காக எத்தில்மால்டால் அணைவு மனிதச் சோதனை வரை சென்றது. மைக்ரோமோல் அளவுக்கு இறங்கினால் என்எம்ஆரும் கைவிட்டுவிடும். நான் பார்த்தது செறிவு கூடிய கரைசலில்தான்.

குளோரோமெத்தில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணிகளில் பிணைத்த வடிவம் மூன்றாவது வழி. வினையூக்கம் மட்டுமே நோக்கம் என்றால் அதையே எடுங்கள். வடிகட்டி மறுபடி போடலாம், சூடாக வடிகட்டிக் கசிவு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையாத மணியை அமீபாவுக்குக் கொடுக்க முடியாது, அதனால் எனக்கு உதவவில்லை.

லீஷ்மேனியா, டிரிப்பனோசோமா குரூசி ஆகிய ஒட்டுண்ணிகள் பக்கம் நான் கை வைத்ததில்லை. அவை மனித உடலில் பெரும்பாலும் விருந்தோம்பிச் செல்லுக்குள் வாழ்பவை. மேலே சொன்ன ஒடுக்கமும் சவ்வுச் சிக்கலும் அங்கே கணக்கை மாற்றிவிடலாம். அமீபாவுக்கும் சல்பைடுக்கும் என் மேசையில் இப்போது இருப்பது மஞ்சள் நிறப் பொட்டாசியம் உப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாகக் கரைத்து, தொடக்கத்திலும் 24 மணி நேரம் கழித்தும் நிறமாலை எடுத்துவைக்கிறேன்.