பிரேக் ஆயில் டப்பாவில் ஸ்டீயரிங் ஆயில்: காரைக்குடிப் பக்கம் கார் விடுபவர்கள் கவனத்துக்கு

கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வந்துவிட்டு, திரும்பும் முன் வாட்டர் வாஷுக்கும் ஆயில் செக்கப்புக்கும் வண்டியை விடுபவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

காரைக்குடியில் ஒரு சர்வீஸ் கடை. பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலை எடுத்து ஊற்றிவிட்டு, “கம்மியா இருந்துச்சுண்ணே, ஃபுல் பண்ணிட்டேன்” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள், தேவகோட்டை ரோட்டில் பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி நகர மறுத்தது. முன்சக்கரங்கள் கை வைக்க முடியாத சூடு. திரும்பக் கொண்டுபோனால், டப்பாவில் இருந்ததை சிரிஞ்சால் உறிஞ்சி, புது ஆயில் ஊற்றி, லைனில் இருந்த ஏரை வெளியே எடுத்து, ‘பிரேக் ஓவர்ஹால்’ (பிரித்து, ரப்பரெல்லாம் மாற்றும் வேலை) என்று பில் போட்டிருக்கிறார்கள். ஒரு ரப்பர்கூட மாற்றவில்லை. அப்பட்டமான ஏமாற்று வேலை. பிரேக் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

டாட் (DOT) 3, டாட் 4 என்று எண் போட்ட பிரேக் ஆயில், கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை. அதற்கென்றே செய்த ரப்பர்தான் பிரேக்கில் இருக்கிறது. ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் உப்பிய ரப்பர் வாஷர், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளையை அடைத்துவிடுகிறது. காலை எடுத்தாலும் பிரஷர் இறங்காது. புது ஆயில் எத்தனை முறை ஊற்றினாலும் உப்பிய ரப்பர் பழையபடி ஆகாது.

ஸ்டீயரிங் ஆயில் ஊற்றியது உடனே தெரிந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். இந்த ஆயில் பிரேக் ஆயிலைவிட லேசானது, மேலேயே மிதக்கும். அப்போதே உறிஞ்சி, டப்பாவைக் கழற்றி மாற்றி, புது பிரேக் ஆயிலால் லைனைக் கழுவினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. மிதித்து ஓட்டியிருந்தால் ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம், தூக்கும் வண்டியில் ஏற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) சீல், பின் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருந்தால் அதுவும்தான். செலவு எகிறுவது அங்கேதான். பல கார்களில் கிளட்சுக்கும் இதே டப்பாதான், அதன் சிலிண்டர்களையும் விடாதீர்கள். இரும்பு பைப்பை வைத்துக்கொள்ளலாம், நன்றாகக் கழுவினால் போதும். பார்ட்ஸை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. இந்த வேலையில் அது கூடவே கூடாது.

சந்தேகமா? டப்பா மூடிக்கு அடியில் உள்ள ரப்பரைப் பாருங்கள். உப்பி, திரும்பப் பொருந்தாமல் இருந்தால் கதை முடிந்தது. டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கலக்குங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும்; வேறு ஆயில் இருந்தால் மேலே தனியாகப் படலம் கட்டும்.

பேட் தேயத் தேய பிரேக் ஆயில் இறங்கும், இல்லாவிட்டால் எங்கோ லீக். அதனால் டாப் அப் செய்யச் சொல்லுமுன் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றுவதென்றால் மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணைக் காட்டி, சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஓவர்ஹால் என்று பில் போட்டால் கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்; கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு பில்லும், ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் டப்பாவிலிருந்து எடுத்த ஆயிலும் கையில் இருக்கட்டும்.