ரைசன் 5 5600எக்ஸ், கோர் ஐ5-12400: கல்யாண வீடியோ எடிட்டிங்கில் எது கை கொடுக்கிறது?

ஏஎம்டியின் ரைசன், இன்டெல்லின் கோர் ஐ5 என்ற இந்த இரண்டு பிராசசரிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டுமே 65 வாட் ரகம். ரைசன் 5 5600எக்ஸ் 2020 நவம்பரில் வந்தது, கோர் ஐ5-12400 2022 ஜனவரியில். எங்கள் எடிட்டிங் அறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சில வருடங்களாக ஓடுகின்றன. இரண்டிலும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரே ரக எஸ்எஸ்டி. வேலையும் ஒன்றுதான்: முகூர்த்தம், ரிசப்ஷன், வளைகாப்பு, காதுகுத்து. அதனால் வித்தியாசம் என்று ஒன்று தெரிந்தால் அது பிராசசரால் வந்ததுதான்.

முதலில் பெஞ்ச்மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதுதான். சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையின் மல்டி கோரில் 5600எக்ஸ் சுமார் 11,000 புள்ளி எடுக்கும், 12400 சுமார் 12,000. சிங்கிள் கோரிலும் 12400 கொஞ்சம் முன்னால் நிற்கும். 5600எக்ஸின் கடிகார வேகம் 4.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், 12400 4.4 வரைதான், ஆனாலும் ஒரு கடிகாரச் சுற்றில் அதிக வேலை முடிப்பது இன்டெல்லின் இந்தத் தலைமுறைக் கோர். கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) விஷயத்தில் ஏஎம்டி தாராளம்: 32 எம்பி எல்3, அங்கே 18 எம்பி. இந்த எண்களை மட்டும் பார்த்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். போட்டோஷாப்பில் ஆல்பம் ஷீட் போடும்போதும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டில் செய்யும்போதும் உண்மையிலேயே அப்படித்தான். வார்ப் ஸ்டெபிலைசர் அனலைஸ் பண்ணும் நேரத்தில் 12400 சற்று சீக்கிரம் முடிக்கும். அதற்காக யாரும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

கதை மாறியது கேமரா மாறியபோதுதான்.

சோனி ஏ7 மார்க் 3 காலத்தில் எங்களுக்கு வந்த பூட்டேஜ் எல்லாம் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 பிட் (நிறத்தின் நுணுக்கம்), 4:2:0 (நிறத்தகவலை எவ்வளவு சேமிக்கிறது என்ற கணக்கு). அதை ஆர்டிஎக்ஸ் கார்டே டீகோட் செய்துவிடும், அதாவது சுருக்கத்தை அவிழ்த்துவிடும். பிராசசருக்குப் பெரிய வேலை இல்லை. 5600எக்ஸில் மூன்று கேமரா மல்டிகேம் வைத்து மூச்சு விடாமல் எடிட் செய்திருக்கிறோம். அப்புறம் கேண்டிட் டீம் ஏ7 மார்க் 4-க்குப் போனார்கள். எச்.265, 10 பிட், 4:2:2. கேமராமேன் பக்கம் பார்த்தால் அது நியாயமான முடிவு. அரக்குப் பட்டுப்புடவை, தங்க ஜரிகை, மேலே மேடையின் சிவப்பும் மஞ்சளுமான எல்இடி லைட் என்று எல்லாம் சேர்ந்தால், 4:2:0-வில் சிவப்பின் ஓரம் கட்டம் கட்டமாக உடையும். 4:2:2-வில் நிறத்தகவல் இரண்டு மடங்கு இருப்பதால் அந்த ஓரம் சுத்தமாக நிற்கும். எஸ்-லாக் 3 என்ற வெளிறிய நிற அமைப்பில் எடுத்துவிட்டு முகத்தின் நிறத்தை மீட்கும்போதும் 10 பிட் இல்லாமல் முடியாது. எனவே "பழைய செட்டிங்கிலேயே எடுங்கள்" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு இந்த 4:2:2 வகை எச்.265-ஐ டீகோட் செய்யத் தெரியாது. 4:2:0 தெரியும், 4:4:4 கூடத் தெரியும், நடுவில் இருக்கும் இது மட்டும் அந்தத் தலைமுறையில் கிடையாது. 5600எக்ஸில் உள்ளே கிராபிக்ஸே இல்லை. ஆக, மொத்தச் சுமையும் ஆறு கோரின் தலையில் விழும். 12400-ல் இருக்கும் யுஎச்டி 730 என்ற சின்ன கிராபிக்ஸ் இருக்கிறதே, கேம் ஆடுகிறவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத சமாச்சாரம், அதன் மீடியா எஞ்சின் இந்த ஃபார்மேட்டை நேராகப் படித்துவிடும். இன்டெல் இதைக் குவிக் சிங்க் என்று சொல்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தாலி கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் தொடங்கும் நொடியில் ஆடியோ அலை சுவர் மாதிரி எழும்பும். மூன்று கேமராவையும் அங்கேதான் சிங்க் செய்வோம். அந்த ஒரு நிமிடத்தில் மாப்பிள்ளை கை, பெண்ணின் முகம், அட்சதை போடும் கூட்டம் என்று கட் மேல் கட் விழும். 4கே 50 ஃப்ரேமில் இதை 5600எக்ஸில் ஓட்டினால், டாஸ்க் மேனேஜரில் பன்னிரண்டு த்ரெட்டும் உச்சியைத் தொடும். பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஃப்ரேம் விழுவதைக் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும். பின்னோக்கி ஸ்க்ரப் செய்தால் இன்னும் மோசம்: லாங் ஜிஓபி கோடெக் (ஃப்ரேம்களைக் கூட்டமாகச் சேர்த்துச் சுருக்கும் முறை) என்பதால் ஒரு ஃப்ரேமைக் காட்டவே அதற்கு முன்னால் உள்ள பலவற்றை அவிழ்த்தாக வேண்டும். அதே ப்ராஜெக்டை 12400-ல் திறந்தால் பிராசசர் பாதிக்கும் கீழே நிற்கும். இன்டெல் ஜிபியுவின் வீடியோ டீகோட் கிராப்தான் மேலே ஏறியிருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் உடனே ஓடும்.

5600எக்ஸில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது: ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்காக மட்டும் போடும் லேசான நகல். ராத்திரி ப்ராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் சுகமாக எடிட் செய்யலாம். ஆனால் மறுநாளே டீசர் கேட்கும் காலம் இது. ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம் வந்தால் ராத்திரி என்று ஒன்று மிச்சமிருக்காது. ஹார்ட் டிஸ்கும் நிறையும்.

12400 வாங்கியவுடன் இது தானாக வேலை செய்துவிடாது, கவனியுங்கள். கிராபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற ஆப்ஷனை எனேபிள் செய்து, விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டு, பிரீமியரின் மீடியா ப்ரிஃபரன்ஸில் ஹார்ட்வேர் டீகோடிங்கில் இன்டெல்லை டிக் செய்ய வேண்டும். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட். இன்னொன்று, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், உங்கள் ஊர்க் கடை ஆகட்டும், "கார்டுதான் போடுறீங்களே சார், எஃப் மாடலே போதும்" என்பார்கள். 12400எஃப்-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவுதான், ஆனால் எங்கள் தொழிலுக்கு வேண்டிய அந்த ஒன்றைத்தான் அதில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். முடிந்தால் ஐ5-12500 பாருங்கள். அதில் யுஎச்டி 770, மீடியா எஞ்சின் ஒன்றுக்கு இரண்டு.

அதே சோனியில் 4:2:2-வை எச்.264-ல் எடுத்தால் 12400-ன் எஞ்சினும் கை விரித்துவிடும். அங்கே இரண்டு மெஷினும் சமம்தான், இரண்டிலும் கோர்கள்தான் அவிழ்க்கின்றன. ஆகவே கேமராமேனிடம் எந்த செட்டிங்கில் எடுத்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மத்தியானம் எக்ஸ்போர்ட் போட்டால், பெட்டியோடு வந்த கூலரில் 5600எக்ஸ் 90 டிகிரியை நெருங்கும். அதன் வரம்பு 95. கோர்கள் எல்லாம் ஒரு சின்னச் சிலிக்கான் துண்டில் நெருங்கி இருப்பதால் சூடு ஒரே இடத்தில் சேர்கிறது. நடுத்தர விலையில் ஒரு டவர் கூலர் மாட்டியதும் நிலைமை சரியாகிவிட்டது. பழைய கூலரைக் கழற்றும்போது மட்டும் நிதானம் வேண்டும்: கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கிவிட்டு, ஆஃப் செய்து, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே வந்து பின் வளைந்துவிடும். 12400 அதோடு வந்த கூலரிலேயே ஓடுகிறது.

ஏஎம்டியின் பெரிய பலம் மேம்படுத்தும் வசதி. 5600எக்ஸ் இருக்கும் இதே பி550 மதர்போர்டில் பயாஸ் அப்டேட் செய்து 12 கோர் 5900எக்ஸ், 16 கோர் 5950எக்ஸ் வரை போகலாம். கேம்தான் முக்கியம் என்றால் 96 எம்பி கேஷ் உள்ள 5800எக்ஸ்3டி. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 13, 14-க்குப் போகிறவர்கள், மின்னழுத்தப் பிரச்சினைக்காக 2024-ல் இன்டெல் கொடுத்த மைக்ரோகோடு திருத்தம் உள்ள பயாஸை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். 12-ஆம் தலைமுறைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஏற்கெனவே ரைசன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை விற்கக் கிளம்ப வேண்டாம். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-வை எச்.264, எச்.265 இரண்டிலும் டீகோட் செய்கிறது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், காலியாக ஒரு ஸ்லாட் இருக்கும் பட்சத்தில் இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற சின்னக் கார்டை இரண்டாவதாகச் செருகினாலும் எச்.265 பிரச்சினை தீரும்.

நாங்கள் இப்போது வேலையைப் பிரித்துவிட்டோம். கேண்டிட் டீமின் மெமரி கார்டு நேராக 12400-க்குப் போகும். ஆல்பம், டைட்டில், மார்க் 3-ல் எடுத்த ட்ரெடிஷனல் வீடியோ எல்லாம் 5600எக்ஸில். மார்கழியில் கல்யாணம் இல்லாத நேரம் பார்த்து 5600எக்ஸ் மெஷினுக்கு ஒரு ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு போடுவதாக இருக்கிறோம். போட்டதும் அதே தாலி கட்டும் டைம்லைனை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.