வண்டி எடுக்காமல் வாழ: மயிலாப்பூரா, மேற்கு மாம்பலமா, அண்ணா நகரா, திருவான்மியூரா?

பெங்களூரு, புனே டிராஃபிக்கில் பல வருடம் கழித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர்கள் வீடு தேடும்போது பட்ஜெட்டோடு இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பால், காய்கறி, மருந்து, ரயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் இதைச் சொன்னதும் புரோக்கர் கூட்டிப்போவது அகலமான சாலையும் புது நடைபாதையும் உள்ள ஏரியாவுக்கு. சென்னையில் அந்தக் கணக்கு சரிவராது. நடைபாதையே இல்லாத மாம்பலத்துத் தெருவில் எழுபது வயதுப் பாட்டி தினமும் இரண்டு முறை கடைக்குப் போய் வருகிறார். நல்ல நடைபாதை போட்ட அண்ணா நகர் அவென்யூவில் அரை லிட்டர் பாலுக்கு ஸ்கூட்டர் எடுக்கிறார்கள்.

அதனால் என் அளவுகோல் இதுதான்: வீட்டிலேயே தளர்ந்த ஆள் யாரோ, அவர் நவம்பர் மாத மழையில் மருந்துக்கடைக்குத் தனியாகப் போய் வர முடியுமா? போன வருடம் என் சித்தி பையன் புனேயிலிருந்து மாற்றலாகி வந்தபோது இந்த நான்கு ஏரியாவையும் அவனோடு சேர்ந்து அலசினேன். அவனுக்கு வேலை கிண்டியில். கூட மனைவி, பள்ளிக்குப் போகும் பெண், முழங்கால் வலியோடு சித்தி.

முதலில் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகள்தான் அந்த ஊரின் கடைத்தெரு. தெற்கு மாட வீதியில் காய்கறி, சந்நிதித் தெருப் பக்கம் பூவும் பூஜை சாமானும், நாலு எட்டு வைத்தால் டிபன், லஸ் பக்கம் போனால் துணி, பாத்திரம், மருத்துவமனை. உட்காரவும் சுற்றவும் நாகேஸ்வர ராவ் பூங்கா. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் வண்டி நுழையவே முடியாது. காரை நம்பி வாழ்கிறவர்களுக்குத்தான் அது தொல்லை, நடக்கிறவர்களுக்குத் திருவிழா.

ரயில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பறக்கும் ரயிலில் திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில், மந்தைவெளி என்று மூன்று நிலையங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பீச், வேளச்சேரி, தரமணி பக்கம் போகிறவர்களுக்கு அது போதும். கிண்டிக்கு அது நேராகப் போகாது, பஸ்தான். நிலையங்களும் பிரம்மாண்டமான கான்கிரீட் கூடுகள். படிகள் அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு, இருட்டிய பிறகு பெண்கள் தனியாக ஏறத் தயங்குகிறார்கள். இதோடு இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம் திருமயிலை. வேலை முழுதாக முடிந்த பிறகு நகரத்திலேயே இதைப்போல இணைப்புள்ள பழைய பகுதி வேறு இருக்காது. அதுவரை தடுப்புத் தகரம், திருப்பிவிட்ட பஸ், தூசி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மயிலாப்பூரில் வீடு வாங்குகிறவர் நடையைவிட முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தை. இங்கே கோயில் நிலம் நிறைய. கட்டடம் விற்பவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கும். மாதாமாதம் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் காசு கொடுப்பது செங்கல்லுக்கு மட்டும்தான். "விலை கொஞ்சம் கம்மி சார், அர்ஜென்ட்டா குடுக்கறாங்க" என்று யாராவது சொன்னால், தாய்ப்பத்திரத்தில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதை வக்கீல் பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மேற்கு மாம்பலம் பார்வைக்கு மயிலாப்பூரின் ஏழை உறவுக்காரர் மாதிரி தெரியும். நடந்து வாழ்வதில் அது மயிலாப்பூரையே ஓரங்கட்டிவிடும் என்பது என் அபிப்பிராயம். காரணம் மாம்பலம் ஸ்டேஷன். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்று வரும், சில வெளியூர் ரயில்களும் நிற்கும். சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. சித்தி பையனுக்கு ஆபீஸ் இரண்டாவது ஸ்டாப். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தி. நகர். 2023 மே மாதம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பேருந்து நிலையம் வரைக்கும் சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறந்தார்கள், லிஃப்ட்டோடு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் சித்தி பஸ் ஸ்டாண்டு வரை போக அது ஒன்றே வழி. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் காலாலேயே முடியும்.

மேற்கே இறங்கி ஸ்டேஷன் ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் தள்ளுவண்டியில் வாழைத்தண்டு, கீரைக்கட்டு, உதிரிப்பூ. நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்கூட்டர், அதற்கும் நடுவில் மாடு. நடைபாதை என்று ஒன்று பெயருக்கு இருக்கும் இடத்தில் மின்வாரியப் பெட்டியும் நிறுத்திய பைக்குகளும் இருக்கும். குடியிருப்புச் சாலையில்கூட தடையில்லாத நடைபாதை 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். இங்கே 1.8 அடி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனாலும் வண்டிகள் வேகம் பிடிக்க முடியாததால் கிழவர்கள் தைரியமாக நடுத்தெருவில் நடக்கிறார்கள். அங்கிருந்து ஆரிய கௌடா ரோட்டில் ஆன்மிக நிகழ்ச்சிகள் நடக்கும் அயோத்தியா மண்டபம், லேக் வியூ ரோட்டில் பப்ளிக் ஹெல்த் சென்டர் மருத்துவமனை என்று ஓய்வு பெற்றவரின் உலகம் முழுக்க ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

குறை என்ன என்றால், தண்ணீர். லேக் வியூ என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1920-களில் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி. நகரை உருவாக்கினார்கள். ஏரியின் ஞாபகம் மண்ணுக்கு இன்னும் போகவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்தப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் தண்ணீர் நின்றது. பெருமழையில் துரைசாமி சுரங்கப்பாதை மூடிக்கொண்டால் தி. நகருக்கு வண்டி வழி துண்டிக்கும். தெருவுக்குத் தெரு இது மாறும் என்பதால் ஏரியாவை மொத்தமாக ஒதுக்க வேண்டாம், தெருவை விசாரியுங்கள்.

விசாரிக்க வேண்டிய ஆள் இஸ்திரி வண்டிக்காரர். ஒரே மரத்தடியில் வருடக்கணக்காக நிற்பவருக்கு வெள்ளத்தின் அளவு உடம்பிலேயே பதிந்திருக்கும். நாங்கள் பார்த்த ஒரு ஃபிளாட்டுக்கு எதிரே இருந்தவரிடம், "அண்ணே, இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினார். "இந்த வீட்டுக்குள்ள இல்ல சார். கேட்டு வரைக்கும். அப்புறம் அந்தக் கடைசி வீட்டுக்காரங்க போட்ல போனாங்க." அடுத்து அவரே சொன்னது இன்னும் உபயோகமானது: "படியப் பாருங்க சார், ரோட்லேர்ந்து எறங்குதா ஏறுதான்னு." சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல தெருக்களில் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. கேட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஃபிளாட் என்றால் தரைத்தளத்தை மறந்துவிடுங்கள். மாடியில் வாங்கினாலும் மோட்டார், மீட்டர் போர்டு எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பழைய மாம்பலம் கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது என்பதும் சித்தியின் முழங்காலுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

அண்ணா நகர் வேறு ரகம். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, வீட்டு வசதி வாரியம் கட்டம் போட்டு வடிவமைத்த ஊர். மரம், நிழல், பூங்கா, பல வருடம் மூடிக்கிடந்து 2023-ல் மறுபடி திறந்த டவர், 2017-லிருந்து மெட்ரோ. காலை நடைக்கு இதைவிட நல்ல ஏரியா சென்னையில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் காலை நடை வேறு, நடந்து வாழ்வது வேறு. கடைகள் இரண்டாவது அவென்யூவிலும் இன்னும் சில பெரிய சாலைகளிலும் குவிந்திருக்க, உள் பிளாக்குகளில் வீடு வாங்கியவர் கொத்தமல்லிக்கட்டுக்கும் நிறைய தூரம் போக வேண்டும். அவென்யூவைக் கடப்பதும் லேசில்லை, வண்டிகளுக்கு அங்கே வேகம் பிடிக்க இடம் உண்டு. நடைபாதையும் ஒவ்வொரு பங்களா கேட்டிலும் கார் ஏறுவதற்காகச் சரிந்து எழும்பும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஏணி ஏறி இறங்குவதுதான். மெட்ரோவில் கிண்டி போக ஆலந்தூரில் மாற வேண்டும். அப்படியும் சௌகரியம்தான், ஏசி. டவர் அல்லது அண்ணா நகர் கிழக்கு நிலையத்துக்குப் பக்கத்திலேயே, கடைத்தெருவுக்கு ஒரு தெரு உள்ளே கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அந்த விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

திருவான்மியூரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றி மயிலாப்பூரின் சின்ன நகல் ஒன்று இருக்கிறது: பூக்கடை, காய்கறி, பஸ் நிலையம், எட்டிப் பார்த்தால் கடல். பிரச்சினை, இந்தச் சின்ன உலகத்தை எல்.பி. ரோடும் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையும் துண்டு போடுகின்றன. வால்மீகி நகரில் கடற்கரைக் காற்றுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் பறக்கும் ரயில் நிலையம் வெகு தூரம், அது டைடல் பார்க் பக்கம். மேப்பில் காட்டும் நடை நேரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் சாலையைக் கடக்கக் காத்திருப்பது சேராது. ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை என்றால் மேற்கே, இந்திரா நகர் பக்கம் பாருங்கள். பெசன்ட் நகரில் தெருக்கள் இன்னும் அழகு, ஆனால் ரயிலே கிடையாது.

பட்ஜெட் இடித்தால் நங்கநல்லூரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். விலை பொதுவாக மயிலாப்பூர், அண்ணா நகரைவிடக் குறைவு, தெருவுக்கொரு கோயில், கடைகளுக்குக் குறைவில்லை. மெட்ரோ நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில், அங்கிருந்து ஆலந்தூர், அடுத்தது கிண்டி. ஆனால் ஊருக்கு உள்ளே வாங்கினால் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ தேவைப்படும். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை மழையில் நிரம்புவது ஊருக்கே தெரிந்த கதை.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நம்பி, 'இந்தத் தெருவுக்கும் சீக்கிரம் நடைபாதை வந்துவிடும்' என்று யாரும் வீடு வாங்க வேண்டாம். இன்று கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் காசு கொடுங்கள். புரோக்கர் சொல்லும் அஞ்சு நிமிஷ நடை பெரும்பாலும் பைக்கில் அஞ்சு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் கூட்டிப்போய்க் காட்டும் தெரு எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாள் சாயங்காலத்தில், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனிலிருந்து காய்கறிக்கடை வழியாக வீட்டுக்கும், கையில் பையோடு, வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, பள்ளி விடும் நேரத்தில் வேன்கள் எங்கே நிற்கின்றன எல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும்.

ஆபீஸ் கடற்கரைப் பக்கமோ தரமணியிலோ இருந்து, பத்திரமும் சுத்தமாக இருந்தால் நான் மயிலாப்பூரைத்தான் சொல்வேன். கிண்டி, தாம்பரம் பக்கம் என்றால் மாம்பலம். காசு பிரச்சினை இல்லாதவருக்கு அண்ணா நகர் மெட்ரோவை ஒட்டிய தெருக்கள். சித்தி பையன் கடைசியில் மாம்பலத்தில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடியை முடித்தான். இஸ்திரிக்காரர் முழங்காலுக்கு மேலே காட்டிய தெரு வேண்டாம் என்று இரண்டு தெரு தள்ளி, கேட்டிலிருந்து படி ஏறும் வீடாகப் பார்த்து வாங்கியது. சித்திக்கு ஒரே ஆட்சேபம், மாட வீதி மாதிரி வராது என்பது. "மயிலாப்பூர்ல வாங்கியிருந்தா கார் எங்கம்மா நிறுத்தறது?" என்று அவன் கேட்டதற்கு, "கார் எதுக்குடா, வித்துடு" என்றார். அவன் இன்னும் விற்கவில்லை. மாம்பலத்திலும் பத்திரத்தில் பார்க்கிங் எழுதியிருக்கிறதே தவிர, அந்த இடத்தில் தரைத்தளத்துக்காரரின் பைக்குகள்தான் நிற்கின்றன.