முப்பது நொடிக்கும் ஒன்று, முப்பத்தெட்டு நிமிடத்துக்கும் ஒன்று: ஏழு வருடப் பாட்டுச் செயலி அனுபவம்

காரைக்குடியில் இருக்கும் சித்தி மகன் போன வாரம் போனில் கேட்டான். "அண்ணே, நீங்க பாட்டு கேக்குற ஆப்ல வருசக் கட்டணத்தைக் குறைச்சிருக்காங்களாம். போட்டுரலாமா?" ஏழு வருடமாகக் காசு கட்டிக் கேட்கிறவன் என்பதால் என்னிடம் வந்தான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. "எழுதி அனுப்புறேன்டா" என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. சரி, வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன். செயலியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. ஒலித்தரம், தரவிறக்கம், விளம்பரத் தொல்லை இல்லாதது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குக் கும்பகோணத்தில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் செய்வேன். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஹெட்போன் காதில் இருக்கும். காலையில் நாதசுவரம். பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் டிரம்ஸ் இடிக்கிற ராக், மெட்டல். கடை சாத்தும் நேரம் கவாலி, கஸல். எனக்கு எந்த வகை இசை பிடிக்கும் என்று யாராவது கேட்டால், இப்போது மணி என்ன என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். எங்கள் பாலிடெக்னிக் கூட்டாளிகள் நாலு பேரில் ரெண்டு பேர் இப்படித்தான். காசெட் காலத்தில் இது முடியாது. மாதம் ரெண்டு காசெட் வாங்கக் காசு இருந்தால் பிடித்த ரெண்டைத்தான் வாங்குவோம். இந்தச் செயலி வந்த பிறகுதான் காது இத்தனை பக்கம் திரும்பியது. அந்த நன்றி எனக்கு உண்டு, கோபத்தோடு எழுதும்போதும் அதை மறைக்க மாட்டேன்.

கோபம் வருடா வருடம் டிசம்பரில் வருகிறது. "இந்த ஆண்டு நீங்கள் கேட்ட இசை" என்று கலர் கலராக ஒரு பட்டியல் போடுகிறார்களே, அது. போன வருடம் என் முதல் வகை குழந்தைப் பாடல் என்று வந்தது. இரண்டாவது வகை "தமிழ்". நாதசுவரம் முதல் ஐந்தில் இல்லை. மூன்று வயது மகளுக்கு ஒரு யானைப் பாட்டு உயிர். சோறு ஊட்ட, தலை வார, தூங்க வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அவளுக்குப் போட்டது என் கணக்கில் ஏறியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தினமும் விடிகாலையில் நான் உட்கார்ந்து கேட்டது எங்கே போயிற்று?

விடாமல் தோண்டினேன். நம் கேட்பு விவரம் முழுவதையும் எழுதிக் கேட்டால் ஒரு கோப்பாக அனுப்புவார்கள். கேட்டு வாங்கி எக்செல்லில் போட்டேன். ஒவ்வொரு பாட்டும் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிநொடி ஓடியது என்று அதில் அச்சடித்த மாதிரி இருக்கிறது. யானைப் பாட்டு 2 நிமிடம் 10 நொடி. 412 தடவை ஓடியிருக்கிறது. மொத்தம் 15 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் கேட்கிற ஒரு நாதசுவரப் பதிவு, தோடி ராகம், 38 நிமிடம். 64 தடவை ஓடியிருக்கிறது. மொத்தம் நாற்பதரை மணி நேரம். ஆனால் பட்டியலில் 412 பெரியது, 64 சிறியது.

காரணம் எளிது. 30 நொடி ஓடினால் ஒரு கணக்கு. அதற்கு மேல் 2 நிமிடம் ஓடினாலும் ஒன்றுதான், 38 நிமிடம் ஓடினாலும் ஒன்றுதான். எத்தனை மில்லிநொடி என்று கையில் வைத்துக்கொண்டு, எத்தனை தடவை என்று மட்டும் எண்ணுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் செய்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

ஓசூரில் இருக்கும் கூட்டாளிக்கு நேர்மாறான பிரச்சினை. அவன் கிரைண்ட்கோர் கேட்பவன். 1980களில் இங்கிலாந்தில் பிறந்த அசுர வேக இசை அது. அதில் பாட்டு 20 நொடி, 15 நொடியில் முடிந்துவிடும். நேபாம் டெத் குழுவின் 1987 ஆல்பத்தில் ஒரு பாட்டு ஒன்றரை நொடி கூடக் கிடையாது, உலகிலேயே குறுகிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது. 30 நொடிக்குக் கீழே இருப்பதால் அவன் கேட்பதில் பாதி கணக்கிலேயே வராது. எனக்கு நாற்பது மணி நேரம் சுருங்குகிறது, அவனுக்கு அப்படியே காணாமல் போகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மூன்றாமவன் 1980களின் இளையராஜாவைத் தவிர வேறு எதையும் தொட மாட்டான். எல்லாம் நாலு நிமிடம், நாலரை நிமிடம். அவனுக்கு மட்டும் வருடா வருடம் பட்டியல் கச்சிதமாக வந்துவிடும். "உங்களுக்குத்தான்டா என்னமோ ஆகுது, எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்பான். நாலு நிமிடப் பாட்டுக்குத் தைத்த சட்டை அது, நாலு நிமிடப் பாட்டு கேட்பவனுக்குப் பொருந்தாமல் எப்படி இருக்கும்?

இசைத்தட்டுக் காலத்திலும் இதே நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போல்தான் கொள்ளும். நாதசுவர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டில் கேட்டவர்கள் கேட்டது அந்தத் துண்டைத்தான். ஆனால் அதைக் கேட்டவனுக்கு, இது துண்டு, முழுசு கோயில் வாசலில் ராத்திரி முழுக்க வாசித்தது என்று தெரியும். இப்போது முழுசே கையில் இருக்கிறது, அதையும் துண்டாகவே எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கு கலைஞருக்குப் போகும் காசையும் தீர்மானிக்கிறது. எத்தனை தடவை ஓடியது என்பதை வைத்துத்தான் பங்கு. 38 நிமிடம் மூச்சைப் பிடித்து வாசித்தவருக்கும் 2 நிமிடப் பாட்டுக்கும் தடவைக்கு ஒரே பங்கு. அதனாலோ என்னவோ, சில வெளியீடுகளில், வார்த்தை இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை தனி, கீர்த்தனை தனி, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தனி என்று வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வெட்டட்டும். ஆனால் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் பொத்தான் (ஷஃபிள்) அழுத்தியிருந்தால், கரகரப்ரியா ராக ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கப்போகிறார் என்று காது காத்திருக்கும் நேரத்தில் ஒரு குத்துப்பாட்டு வந்து விழும். குத்துப்பாட்டு எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தில் அல்ல.

இனி நல்லதைச் சொல்கிறேன். இதற்காகவே ஏழு வருடம் காசு கட்டினேன் என்று சொல்லலாம்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு திருவிழா நோட்டீஸை விடிவதற்குள் முடிக்க வேண்டும். ஐந்தரை மணி இருக்கும். மல்லாரி போட்டிருந்தேன். சுவாமி புறப்பாட்டில் வாசிப்பது. சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, கம்பீர நாட்டை ராகம், தவில் கூடவே ஏறி ஏறி வரும். அது முடிந்தது. நான் எழுந்து அணைக்கவில்லை. செயலி தானாக அடுத்ததை ஓட்டியது. சாக்ஸபோன். அசைந்து அசைந்து நடக்கிற தாளம். முதல் சுற்றில் நம் ஊர் பேண்டு செட் யாரோ என்றுதான் நினைத்தேன். சுரங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. பிறகு பிடி வேறாக இருந்தது, சுரத்தை உலுக்கும் விதம் நம்முடையது இல்லை. திரையைப் பார்த்தால் எத்தியோப்பியா.

அன்று நோட்டீஸ் ஒரு மணி நேரம் தாமதம். அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டேன். அப்புறம் தேடிப் படித்தேன். அவர்கள் சுர வரிசைகளில் முக்கியமானவை நான்கு: திசீத்தா, பாத்தி, அம்பாசெல், அஞ்சிஹோயெ. பாத்தியில் ஒரு வகை, ச க ம ப நி. நம் கம்பீர நாட்டையின் அதே ஐந்து சுரம். திசீத்தாவில் ஒரு வகை நம் மோகன ராகத்தின் ஐந்து. கெட்டாச்சு மெக்குர்யா என்ற சாக்ஸபோன்காரர் அங்கே இருந்தார். போருக்குப் போகும் வீரர்கள் முழங்கும் ஷெல்லெலா என்ற பாட்டு முறையை அவர் சாக்ஸபோனில் கொண்டுவந்தார். 1972இல் பதிவான அவருடைய வாசிப்பைக் கேட்டால், இவர் நாதசுவரம் கேட்டிருப்பாரோ என்று நமக்குத் தோன்றும். கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தவெளியில், கூட்டத்துக்கு நடுவில் கேட்க வேண்டிய இசைக்கு அந்தக் குரல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். 1974இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராத்திரி ஊரடங்கு வந்து அடிஸ் அபாபாவின் இசை விடுதிகள் அடங்கிப் போயின. பிரான்சிஸ் ஃபால்செத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் 1990களின் பிற்பகுதியிலிருந்து அந்தப் பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்து வெளியிட்டார். அந்த வழியில் அது கும்பகோணத்து டிடிபி கடைக்கு வந்து சேர்ந்தது.

எந்த மனிதரும் எனக்கு இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்கள். மல்லாரி கேட்பவனிடம் போய் எத்தியோப்பியா கேள் என்று சொல்ல எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? சுரத்தைப் பார்த்துக் கொடுத்ததா, தற்செயலா, தெரியாது. கொடுத்தது இந்தச் செயலிதான். அந்த ஒரு விடிகாலைக்கு இதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் அப்படி நல்லதாகக் கொடுத்துக்கொண்டே வந்தது. பிறகு மகள் பிறந்தாள், தாலாட்டு, மழை சத்தம், யானைப் பாட்டு என்று எண்ணிக்கை ஏற ஏற, பரிந்துரையெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மல்லாரி முடிந்தால் இப்போது குழந்தைகளுக்கான பாட்டு வருகிறது. டிசம்பர் பட்டியல் தப்பாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அதே தப்புக் கணக்கு விடிகாலையையும் கெடுப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா டூ-இன்-ஒன் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசல்களில் பதிவு செய்வார். அவர் காசெட் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அட்டையில் நீல மையில் அவர் எழுத்து: "நாச்சியார்கோவில் கல் கருட சேவை. பங்குனி. இரவு 11.40. மல்லாரி. பி பக்கம் தோடி. காற்று அதிகம்." கீழே தவில்காரர்கள் இரண்டு பேரின் பெயர், ஊரோடு. வாசித்தவர் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ, தவிலுக்கும் அதே அளவு. கோடிக்கணக்கான பாட்டு வைத்திருக்கும் செயலியில் நான் கேட்கும் நாதசுவரத்தில் முக்கால்வாசிக்குத் தவில் யார் என்றே இல்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பெயரைப் போட்டுத் தேடினால் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வருகிறது. அவர் எவ்வளவு வாசித்தவர்! பெயர் போடாததால் தேடலுக்கு அவர் இல்லாதவர் ஆகிவிட்டார். ஒரு தவிலைக் கேட்டு மயங்கி, அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போவதுதான் என் மாதிரி ஆட்கள் காது வளர்க்கும் வழி. அந்த வழி அடைத்துக் கிடக்கிறது. சினிமாப் பாட்டிலும் அப்படித்தான், இசையமைப்பாளரும் பாடியவரும் முன்னால் நிற்பார்கள், எழுதிய கவிஞரை எங்கோ உள்ளே போய்த் தேட வேண்டும்.

இந்த வாரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், என் தீர்ப்பில் அதன் சூடு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அந்த 38 நிமிடத் தோடியைத் தொட்டால் ஓடவில்லை. பெயர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. உரிமம் முடிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். முன்கூட்டி ஒரு வரி அறிவிப்பு கிடையாது. தரவிறக்கி வைத்திருந்ததும் ஓடவில்லை. ஏழு வருடத்தில் நான் அதிக நேரம் கேட்டது எது என்று அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. அது போகும்போது எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது பெரிய எண் இல்லை.

ஆகவே தம்பி, வேண்டாம். விலை குறைந்தாலும் வேண்டாம். பத்து நாள் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு என் பதில் இதுதான்.

இதைப் படிப்பதற்குள் போட்டுவிட்டாய் என்றால், பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு முதல் நாளே திறந்துவிடு. கச்சேரி கேட்கும்போது கலைத்துப் போடும் பொத்தானை அணைத்து வை. வருடத்துக்கு ஒரு தடவை உன் கேட்பு விவரத்தை எழுதிக் கேட்டு வாங்கு, நிமிடத்தை நீயே கூட்டிப் பார். அப்புறம் ஒரு நாள் ஐந்தரை மணிக்கு எழுந்து, மல்லாரி ஒன்று போடு. முடிந்ததும் கை வைக்காதே, அடுத்து என்ன வருகிறது என்று பார்த்து எனக்குப் போன் பண்ணு.