ஆழம் பார்க்கும் ட்ரோலிங் மோட்டார்: திருமலைப் போட்டுக்கு எது சரிவரும்?

ட்ரோலிங் மோட்டார் என்றால், தூண்டில் போடும்போது போட்டை மெதுவாக ஓட்டவும் இடத்தில் நிறுத்தவும் பூட்டுகிற சின்ன மின் மோட்டார். திருமலையில், அதாவது நம் திருகோணமலையில், ஆழம் பார்த்து ஓடும் ட்ரோலிங் மோட்டார் என்று யாராவது விற்க வந்தால், எந்த ஆழம் என்று முதலில் கேளுங்கள். ஒரு வகை, அலைக்குப் போட் தூக்கும்போது தன் தண்டைத் தானே கீழே இறக்கி, புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும். இன்னொரு வகை, கடலடியில் ஒரே ஆழமாகப் போகும் கோட்டைப் பிடித்து, போட்டை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போகும். இரண்டும் வேறு வேலை. பழுதாகும் இடமும் வேறு. நிலாவெளி, உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளைத் தூண்டிலுக்குக் கூட்டிப்போகிறவர்கள், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் என்று இதை வைத்திருக்கும் சிலருடைய அனுபவத்தையும் என் போட்டில் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் கடலுக்கு முதல் வேலைதான் உயிர்நாடி, புரொப்பெல்லர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், அது தானாக நடந்தாலும் சரி, நீளத் தண்டால் நடந்தாலும் சரி. இரண்டாவது நல்லதுதான், ஆனால் அதற்கு நாமே நிறைய உழைக்க வேண்டும்.

காரணம் நம் போட்டின் அமைப்பு. இந்த மோட்டார்கள் முதலில் அமெரிக்க ஏரிகளுக்காகப் பிறந்தவை. 1934இல் நோர்த் டகோட்டாவில் தொடங்கிய மின்கோட்டாதான் இதில் மூத்த கம்பனி. ஏரிப் படகின் முன்பக்கம் தாழ்வாக, தட்டையாக இருக்கும். நம் பதினெட்டு, இருபது அடி ஃபைபர் போட்டின் அணியமோ, அதாவது முன்முனையோ, உயர்ந்து கூர்மையாக நிற்கிறது. பலகை அடித்தோ ஃபைபர் பூசியோ ஒரு மேடை கட்டாமல் மோட்டாரைப் பூட்டவே முடியாது. மேடையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து பாருங்கள், பல போட்டுகளில் 40 அங்குலம் வரும். புரொப்பெல்லர் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க இன்னும் 25 அங்குலம். வெளிக்கடல் அலைக்கு ஒரு 10 அங்குலமாவது கூட்ட வேண்டும். ஆக 75 அங்குலத்துக்குக் குறைந்த தண்டு, துறைமுகத்துக்குள்ளே ஓடும், கோணேசர் மலையைத் தாண்டி வெளியே போனால் திணறும்.

திணறினால் சத்தம் கேட்கும் என்பது மட்டுமல்ல. புரொப்பெல்லர் ஒரு தடவை காற்றில் சுழன்றால் பிடி போய்விடும். அந்த நொடியில் காற்று போட்டைத் தள்ளும். போட்டை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் ஜிபிஎஸ் நங்கூர வசதியைப் போட்டிருந்தால், மோட்டார் பழைய இடத்துக்குத் திரும்ப முழு வேகத்தில் இழுக்கும். அடுத்த அலைக்கு மறுபடியும் அதே கதை. பற்றரி எங்கே போகிறது என்று தெரியாமலே கரைந்துவிடும். "மோட்டார் கரண்ட் குடிக்குது" என்று குறைப்படுகிறவர்களில் பலருக்குத் தண்டுதான் குட்டை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது எல்லோரும் இழுவிசையைக் கேட்கிறார்கள், தண்டின் நீளத்தை யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் மின்கோட்டாவின் ரிப்டைட் இன்ஸ்டிங்ட் குவெஸ்ட் வேறுபடுகிறது. பட்டனை அழுத்தினால் தானே இறங்கும், தானே ஏறிப் படுக்கும். ஓடும்போது அலையை உணர்ந்து தண்டைத் தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும். தண்டு 100 அங்குலம் வரை கிடைக்கிறது. 24 வோல்ட்டில் 90 பவுண்ட், 36 வோல்ட்டில் 115 பவுண்ட் இழுவிசை. கடற்கரையோரம் இரண்டு மூன்று பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஆறு அடி) நின்றுவிட்டு அப்படியே வெளியே போகிற ஆளுக்கு, ஒவ்வொரு தடவையும் அணியத்துக்கு ஓடிப்போய்த் தண்டைத் தளர்த்தி இறுக்குகிற வேலை மிச்சம். ஆடுகிற போட்டில் முன்னுக்குப் போவதே ஆபத்து என்பது தொழில் தெரிந்தவருக்கு விளங்கும்.

அதே கம்பனியின் ரிப்டைட் டெரோவா இந்தத் தானியங்கி வேலை எதையும் செய்யாது. கையால்தான் இறக்க வேண்டும், ஆழத்தைக் கையால் திருகி வைக்க வேண்டும். ஆனால் நீளத் தண்டு உண்டு, 87 அங்குலத்தில் எடுத்தால் அலைக்குப் போதும். பொதுவாகச் சொன்னால், தானே ஏறி இறங்குகிற மோட்டாரில் உள்ளே கூடுதல் மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கின்றன. உப்பும் மணலும் முதலில் தேடிப் போவது அங்கேதான். உப்புவெளியில் ஒரு அண்ணன் வைத்திருக்கும் தானியங்கி மோட்டார் ஒரு நாள் இறங்கிய பிறகு ஏற மறுத்துவிட்டது. கரை ஏற்ற முடியாமல், ஆட்கள் தண்ணீரில் நின்று அதைக் கழற்றி எடுத்தார்கள். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும் வரை போட் மண்ணெண்ணெய் எஞ்சினோடுதான் போனது. அவரே இன்றைக்கும் அந்த வகையைத்தான் சிறந்தது என்கிறார். பயணிகளோடு போகிற அவருக்கு அது சரி. நாளுக்கு நாள் மணலில் இழுத்து ஏற்றும் போட்டுக்கு நான் கையால் இறக்குவதைத்தான் சொல்வேன்.

கார்மின் என்ற இன்னொரு கம்பனியின் ஃபோர்ஸ் க்ராக்கன் மூன்றாவது. 2023இல் வந்தது. பிரஷ் இல்லாத மோட்டார் என்பதால் சத்தம் குறைவு, பற்றரியையும் சிக்கனமாகவே எடுக்கிறது. 75, 90 அங்குலத் தண்டுகள் இருக்கின்றன. ரிமோட்டை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் போட் திரும்பும். ஒரு நாள் பார்த்துவிட்டால் புதுப் பையனும் ஓட்டிவிடுவான். ஏற்கனவே கார்மினின் ஆழங்காட்டித் திரை வைத்திருப்பவருக்கு இதுதான் இயல்பான தேர்வு. அலைக்குத் தண்டைத் தானே இறக்குகிற வேலை மட்டும் இதில் இல்லை.

சரி, கடலடிக் கோட்டைப் பிடித்து ஓடும் விஷயத்துக்கு வருவோம். மின்கோட்டாவும், ஆழங்காட்டித் திரை செய்யும் ஹம்மின்பேர்டும் ஒரே தாய்க் கம்பனியின் பிள்ளைகள். இரண்டையும் இணைத்தால், திரையில் ஒரு ஆழக் கோட்டைத் தொட்டு அதன் வழியே போகச் சொல்லலாம். கோட்டுக்கு இத்தனை அடி தள்ளிப் போ என்றும் சொல்லலாம். பாரின், அதாவது கடலடிப் பாறைத் திட்டின், ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்து, கலவாய் மீனுக்கும் விளைமீனுக்கும் ஜிக் என்ற உலோகப் போலி இரை போடுகிறவருக்கு இது பெரிய கொடை. கை இரண்டும் தூண்டிலில் இருக்கும்.

ஆனால் அந்தக் கோடு எங்கிருந்து வரும்? அமெரிக்க ஏரிகளுக்கு லேக்மாஸ்டர் வரைபடம் கடையில் கிடைக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குக் கிடைக்காது. நாம்தான் ஓடி ஓடி வரைய வேண்டும். ஹம்மின்பேர்டின் ஆட்டோசார்ட் லைவ் போட் போகப் போகத் திரையிலேயே ஆழக் கோடுகளை வரையும். கருவிக்குள்ளேயே 8 மணி நேரப் பதிவுக்கு இடம் இருக்கிறது, அதற்கு மேல் தனி அட்டை வேண்டும். கார்மினில் இதே வேலையை குயிக்டிரா கொன்டூர்ஸ் செய்கிறது. அதை வைத்திருப்பவர்கள், வரைந்த ஆழத்தின் மேல் ஒரு பாதையைப் போட்டு மோட்டாரை அந்த வழியே விடுகிறார்கள். முன்பு ஓடிய தடத்தை அப்படியே திரும்ப ஓட்டவும் முடியும். எனக்கு இந்தத் தட வசதிதான் அதிகம் உதவுகிறது. பாரை மீன் கடித்த ஓட்டத்தை மறுபடி ஓட்டலாம்.

வரைவதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நம் கடலில் வற்று பெருக்கு, அதாவது நீர்மட்டம் ஏறி இறங்குவது, ஒரு மீட்டருக்கும் குறைவு. காலையில் வரைந்த கோடு பின்னேரமும் ஏறக்குறைய அதே கோடுதான். வற்று பெருக்கு பெரிதாக உள்ள கடல்களில் இப்படி இருக்காது. இன்னொரு பக்கம், திருமலையின் கடலடிப் பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே நுழைகிறது. அதன் விளிம்பில் ஆழக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். அங்கே கோட்டைப் பிடிக்கச் சொன்னால் மோட்டார் இடமும் வலமும் தேடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் தானோட்டத்தை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டுவதுதான் புத்தி. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துப் பார்களில் சரிவு அவ்வளவு செங்குத்து இல்லை, அங்கே நன்றாகப் பிடிக்கிறது. புறாமலைத் தீவைச் சுற்றி மட்டும் கோடு போடாதீர்கள். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, மீன்பிடி தடை.

ஜிபிஎஸ் நங்கூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மின்கோட்டாவில் ஸ்பாட்-லாக், கார்மினில் ஆங்கர் லாக் என்று பெயர். ஒரு பட்டனில் போட் நின்ற இடத்தில் நிற்கும். கல்லையோ இரும்பு நங்கூரத்தையோ பவளப் பாரில் போட்டு இழுக்கும்போது எத்தனை வருடத்து வளர்ச்சி உடைகிறது என்று நினைத்துப் பார்த்தால், இதற்காக மட்டுமே மோட்டார் வாங்கலாம். ஆனால் கச்சான் காற்றில் இதை நம்பித் தூங்க வேண்டாம். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் கடல் அமைதியாகத் தெரியும், பற்றரி தீர்ந்தால் போட் நேரே வெளியே போகும். பின்னால் எஞ்சின் ஒரு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிற நிலையில் இருக்க வேண்டும்.

பற்றரிக் கணக்கைப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் முடியாது. 24 வோல்ட், 80 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் 56 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டு போட்டால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம்கூட வராது. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுளும் போய்விடும். யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை, மெதுவாக இழுத்தால் ஒரு காலைத் தொழிலுக்குத் தாராளமாகப் போதும். எடைதான் பிரச்சினை. ஈயப் பற்றரி ஒன்று 30 கிலோவுக்கு அருகில். 36 வோல்ட்டுக்கு மூன்று வேண்டும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி 12 கிலோ அளவில் முடிந்துவிடும். போட்டைக் கரையில் விட்டுவிட்டுப் பற்றரியை வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றுகிற நமக்கு, இந்த வித்தியாசம் தோளில் தெரியும். கிண்ணியாவில் ஒரு நானா ஈயத்தில் தொடங்கி லித்தியத்துக்கு மாறிவிட்டார். மோட்டாரை மாற்றியிருந்தால்கூட இவ்வளவு நிம்மதி வந்திருக்காது என்கிறார். பற்றரியை அணியத்தில் அடுக்காமல் நடுவில் வைத்து, தடித்த வயரும் 60 ஆம்பியர் பிரேக்கரும் போடுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகுதான் இங்கே பலர் மின் மோட்டார் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் தூரம் போய் வரும் வேலையை இது செய்யாது. இடத்தில் நிற்கவும் மெதுவாக இழுக்கவும்தான் இது.

பராமரிப்பு மூன்று மோட்டாருக்கும் ஒன்றுதான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றியிருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் அதனால் அறுந்தால் உள்ளே தண்ணீர் போகும். உப்பு அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு தேய்ந்தால் மாற்ற வேண்டும். மழைக்குப் பிறகு மகாவலி கொண்டுவரும் செடி கொடியில் மூதூர்ப் பக்கம் எந்த மோட்டாரும் சிக்கும்.

பயணிகளோடு வெளிக்கடல் போகிற, இறங்குதுறையில் கட்டி நிற்கிற போட்டுக்கு இன்ஸ்டிங்ட். மணலில் இழுத்து ஏற்றும் தொழில் போட்டுக்கு 87 அங்குல டெரோவா, அதுவும் சட்டென்று கழற்றி எடுக்கும் அடித்தட்டோடு. கார்மின் திரை ஏற்கனவே இருந்தால் க்ராக்கன். தம்பலகாமம் குடாவிலும் உள்துறைமுகத்திலும் சின்னத் தோணியில் கொடுவாய் மீனுக்குப் போகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. பின்பக்கம் மாட்டும் 12 வோல்ட், 55 பவுண்ட் மோட்டாரும் ஒரு பற்றரியும் போதும், கடற்படை எல்லைக்குள் காற்று தள்ளாமல் ஒரு துடுப்பையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.